சராசரி நாலு

அன்புள்ள ஐயா,

வேளாண் கல்லூரியில் முதுகலை படிக்கிறேன். 40 நெல் ரகங்களை, பூஞ்சையால் வரும் குலை நோய்க்குச் சோதித்த தரவு என்னிடம் இருக்கிறது. 3 ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ரகமும் மூன்று தனித்தனிப் பாத்திகளில்), 0 முதல் 9 வரை மதிப்பெண். கைடு, சராசரிகளை ஒப்பிடும் அனோவா போடச் சொல்கிறார். புள்ளியியல் படிக்கும் நண்பன், இவை வெறும் வரிசை எண்கள், சராசரியே எடுக்கக் கூடாது, வரிசை எண்களுக்கான ஆர்டினல் மாடல்தான் போட வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி? இதற்கு ஆர் (R) என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்வதா, பைத்தானா? நான் வயலுக்குப் போகவில்லை, எக்செல் ஃபைல்தான் கைக்கு வந்தது. இத்தனை சோதனை நடந்தும் விவசாயிகள் நோய் தாங்காத பிபிடி 5204ஐத்தானே நடுகிறார்கள், அப்புறம் எதற்கு இந்த வேலை என்றும் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

நண்பன் சொல்வதுதான் சரி. ஆரா பைத்தானா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? கை பழகியதை வைத்துக்கொள்ளுங்கள். பிபிடி 5204ஐ நடுகிறவர்கள் அரிசியின் ருசிக்கும் நெல்லுக்குக் கிடைக்கும் விலைக்கும் நடுகிறார்கள். அவர்கள் அதை விடமாட்டார்கள் என்று தெரிந்துதான், அதே ரகத்துக்குள், அதாவது சம்பா மசூரிக்குள், பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் 3 மரபணுக்களை ஏற்றி 2008இல் ஐதராபாத்திலிருந்து வெளியிட்டார்கள். விரக்தி பேச உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. "நான் வயலுக்குப் போகவில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். வயலைப் பார்க்காமலே வயலைப் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகளைப் படித்துப் படித்துக் கொஞ்ச நாளாகவே எரிச்சலில் இருக்கிறேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் ஃபைலில் இருக்கும் எண் என்ன எண்? பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோல் அது. இலைக் குலை நோய்க்கு 0 என்றால் புள்ளியே இல்லை. 1 என்றால் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் பொட்டுகள். 2 என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உருண்டையான சாம்பல் புள்ளி, பழுப்பு ஓரம், பெரும்பாலும் கீழ் இலைகளில். அதே புள்ளி மேல் இலைகளிலும் நிறைய இருந்தால் 3. இதுவரை நாம் பார்ப்பது புள்ளியின் குணத்தை. 4இல் கதையே மாறிவிடுகிறது. 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீண்ட, இரண்டு முனையும் கூர்ந்த, கண் போன்ற புள்ளி வந்துவிட்டது. பூஞ்சை ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து கணக்கு இலைப் பரப்பில். 4 சதவீதத்துக்குள் இருந்தால் 4, 10 வரை 5, 25 வரை 6, 50 வரை 7, 75 வரை 8, அதற்கும் மேலே 9. பாதிக்கோல் ஒன்றை அளக்கிறது, மீதிக்கோல் வேறொன்றை அளக்கிறது. 3க்கும் 4க்கும் நடுவில் இருப்பது செடி தாங்கியதா தோற்றதா என்ற வித்தியாசம். 7க்கும் 8க்கும் நடுவில் இருப்பது தோற்ற செடி எவ்வளவு கருகியது என்பது மட்டுமே. இரண்டு இடத்திலும் "ஒன்று கூடியிருக்கிறது" என்று அனோவா சொல்லும். அதற்கு வேறு சொல்லத் தெரியாது.

ஒரு ரகம் மூன்று ரெப்பிலும் 4, 4, 4. இன்னொன்று 1, 4, 7. இரண்டுக்கும் சராசரி நாலு. முதல் ரகத்தில் நோய் இறங்கிவிட்டது, ஆனால் பரவவில்லை. இரண்டாவதில் என்ன நடந்தது? விதை கலந்துவிட்டதா? அந்த 1 வந்த பாத்திக்கு நோயே போய்ச் சேரவில்லையா? 7 வந்த இடத்தில் யூரியா கூடிப்போச்சா? இதை எக்செல் சொல்லாது தம்பி. போய் நின்று பார்த்தவன் சொல்வான்.

இளம் வயதில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் நோட்டில் எண் எழுதும் தற்காலிக வேலை பார்த்தேன். இலையைப் பார்த்து எண் சொல்வது ஒரு பண்ணை ஊழியர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரில்லை. பனி காய்வதற்குள் வந்துவிடுவார். இலையை விரல் மேல் விரித்து வைத்து, வெயிலுக்கு எதிரே சாய்த்து, "கண்ணு திறந்திருக்கா பாரு" என்பார். நடுவில் சாம்பல் விழுந்து முனை நீண்டிருந்தால் நாலு. இல்லையென்றால் மூணுதான், எத்தனை புள்ளி இருந்தாலும் சரி. சந்தேகம் என்றால் பக்கத்துத் தூரையும் விலக்கிப் பார்ப்பார். அதுவரை என் பேனா நோட்டைத் தொடக் கூடாது.

அதைவிட முக்கியம், அவர் முதலில் போவது சோதனை ரகங்களிடம் இல்லை. நேரே கோ 39 வரிசைக்குத்தான். நம்ம கோயம்புத்தூரில் பிறந்த ரகம். குலை நோய்க்கு உடனே விழும் என்பதாலேயே பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறார்கள். நோயில் விழுவதற்கென்றே நட்ட ரகம் அது. அது பச்சையாக நின்றால் நோட்டை மூடச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கேள்வித்தாளே வராத பரீட்சையில் எல்லாரும் பாஸ்தானே. இப்படி ஒப்பீட்டுக்கு நடும் செக் ரகத்தில் நோய் ஏறாத வயலில் ஒரு ரகம் 0 வாங்கினால், அது எதிர்ப்பு இல்லை, தப்பிப்பு. கூடலூர் மாதிரி மேகமும் பனியுமான இடங்களைத் தேடிப் போய்ச் சோதனை போடுவதும், தழைச்சத்தைத் தாராளமாகக் கொட்டுவதும், ஓரமெல்லாம் நோய் பரப்பும் வரிசை நடுவதும் இதற்காகத்தான்.

சரி, மாடல். 1980இல் மெக்கல்லா எழுதிய விகித வாய்ப்பு மாடல் வரிசை எண்களுக்கு என்றே உள்ளது. பிளாக்கையும் (வயலில் ஒரு ரெப் நட்ட பகுதி) ரகத்தையும் தற்செயல் விளைவாக (random effect) வைத்துப் போடுங்கள். ஆனால் அந்த மாடலும், ஒரு ரகத்தின் விளைவு எல்லாப் படியிலும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறது. 3இலிருந்து 4க்கு ஏறுவது அப்படி இல்லை என்று இவ்வளவு நேரம் கத்தியிருக்கிறேன். அதனால் கண் திறந்ததா இல்லையா என்பதை இரண்டே விடையாகத் தனியே ஒரு தடவை, திறந்தவற்றில் மட்டும் பரப்பைத் தனியே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பாத்தி எந்த வரிசையில் எத்தனையாவது என்பதும் வேண்டும். அது உங்கள் ஃபைலில் இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

கைடோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் கேட்கும் அனோவா அட்டவணையைப் பின்னிணைப்பில் வைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் எண் எடுத்தவர்களைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் அடுத்த பருவத்தில் அவர்கள் பின்னாலேயே நோட்டோடு நடங்கள். ஒரே ஒரு நாள் எண்தான் எடுத்தார்களா, வாராவாரம் எடுத்தார்களா என்று கேளுங்கள். செக் ரகத்துக்கு என்ன எண் என்றும் கேளுங்கள். 5க்குக் கீழே என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஆய்வேட்டை என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசிப்போம்.