அணையில் எவ்வளவு திறந்தால் நம் தெருவுக்குத் தண்ணீர் வரும்?

கேள்வி: எங்கள் வீடு ஆற்றிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மழைக்காலம் வந்தால் 'அணையில் 20 ஆயிரம் கன அடி திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை' என்று டிவியில் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் மூட்டை கட்ட முடியுமா? நிஜமாகவே எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: கன அடியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். அதே 20 ஆயிரம் கன அடி அகன்ற ஆற்றில் சத்தமில்லாமல் போய்விடும், ஆகாயத்தாமரையும் ஆக்கிரமிப்பும் அடைத்த ஆற்றில் கரையை மீறும். நீங்கள் பார்க்க வேண்டியது நீர்மட்டம்.

மத்திய நீர்வள ஆணையம் தன் கண்காணிப்பு நிலையங்களில் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து மீட்டரில் சொல்கிறது. வெள்ளக் காலத்தில் மணிக்கொரு முறை அளக்கிறார்கள். நிலையத்துக்கு நிலையம் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், இதுவரை பதிவான உச்ச மட்டம் என்று மூன்று கோடுகள் உண்டு. டெல்லி பழைய ரயில் பாலத்தில் யமுனையின் அபாய மட்டம் 205.33 மீட்டர், 2023 ஜூலை 13 அன்று அது 208.66 வரை ஏறி, 1978-ன் உச்சத்தையே தாண்டியது.

மட்டத்தைவிட அது ஏறும் வேகம் முக்கியம். உதாரணத்துக்கு, 8 மணிக்கு 41.20, 9 மணிக்கு 41.30, 10 மணிக்கு 41.50 என்றால் ஏற்றம் கூடிக்கொண்டே போகிறது, உச்சம் இன்னும் வரவில்லை. மணிக்கு 20 செ.மீ. ஏறியது 5 செ.மீ. ஆகக் குறைந்தால் உச்சம் நெருங்கியிருக்கலாம். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு: மேலே எங்கோ கரை உடைந்து தண்ணீர் வயலுக்குள் பரவினாலும் ஏற்றம் இப்படித்தான் தணியும். அதனால் ஆற்றில் உங்களுக்கு மேலே உள்ள நிலையத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

அணைச் செய்தியில் நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் ஒப்பிடுங்கள். அணை நிரம்பும் தறுவாயில் இருந்து, வெளியேற்றத்தைவிட வரத்து அதிகமாக இருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் ஷட்டர்களை இன்னும் உயர்த்துவார்கள். இன்றைய 20 ஆயிரத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அவகாசம் ஆற்றுக்கு ஆறு மாறும். ஹரியானாவில் யமுனையின் குறுக்கே உள்ள ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறந்த தண்ணீர் டெல்லி வந்து சேர இரண்டு, மூன்று நாள் ஆகும். நம் தாமிரபரணி போன்ற நீளம் குறைந்த ஆறுகளில் அந்தச் சலுகை இல்லை. அணைக்குக் கீழே பெய்யும் மழை அணைக் கணக்கில் வரவே வராது. 2023 டிசம்பரில் கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அது எந்த அணையிலும் நின்று வந்த மழை அல்ல.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நிலையத்தின் மீட்டர் கணக்கை உங்கள் தெருவின் உயரத்தோடு நேராக ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஆற்றின் நீர்ப்பரப்பு சாய்வானது. அதற்குப் பதில், முந்தைய வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, அன்று பக்கத்து நிலையத்தில் மட்டம் என்ன என்று குறித்துவையுங்கள். பெரும்பாலும் முதல் தண்ணீர் கரையைத் தாண்டி வருவதில்லை, மழைநீர் வடிகாலில் பின்னோக்கி ஏறும். மழை விட்ட பிறகும் வடிகால் மூடி வழியே கலங்கல் தண்ணீர் பொங்கினால், டிவி என்ன சொன்னாலும் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

முன்னறிவிப்பு மட்டம் உங்கள் குறியை இரவில் தொடும் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். நிலையம் வாரியான அளவுகள் ஆணையத்தின் ஃப்ளட்வாட்ச் இந்தியா செயலியில் கிடைக்கும். உங்களுக்கு மேலே உள்ள நிலையத்தின் பெயரை இப்போதே தேடி எழுதிவையுங்கள். மின்சாரம் போன பிறகு தேட வேண்டியிருக்காது.