கேளுங்க சொல்றேன்: 43 பேர் இருக்கோம், ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க!

கேள்வி: அண்ணே, எனக்கு பள்ளத்தூர். ரெண்டு புள்ளைக்கு அப்புறம் கரஸ்ல எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கேன். கான்டாக்ட் கிளாஸ்ல பழகுன 43 பேர் வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம், வாரம் ஒரு பாடம் பேசணும்னு சொல்லி நடத்துற பொறுப்ப என் தலையில கட்டிட்டாங்க. "பர்மாவில் நகரத்தார் வணிகம் பற்றி விவாதிக்கவும்"னு போட்டேன், பதிலுக்கு வந்ததெல்லாம் குட்மார்னிங் ரோஜாப்பூவும் பிள்ளையார்பட்டி பிள்ளையாரும்தான். லேப்டாப் கிடையாது, ஃபோன் மட்டும்தான், அதுவும் முகப்புக்கு வந்தாத்தான் டவர். என்ன பண்ண?

பதில்: ஆச்சி, பிள்ளையார கோவிச்சுக்காதீங்க, கோளாறு கேள்வியில இருக்கு. "விவாதிக்கவும்"னு பரீட்சைப் பேப்பர் மாதிரி கேட்டா யாரா இருந்தாலும் ஃபோன கவுத்து வச்சிடுவாங்க. உங்க முகப்புத் தூணு பர்மா தேக்காத்தான் இருக்கும், அத ஒரு போட்டோ எடுத்துப் போட்டு, "வட்டிக்குக் குடுக்கப் போனவங்க கைக்கு அங்க நெல்லு வயலு எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. 1930 வாக்குல நெல் விலை விழுந்து, கடன் வாங்குன விவசாயி கட்ட முடியாம நிலத்த விட்டாரு, கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீத நிலம் வச்சிருந்த நகரத்தார் 1938க்குள்ள மொத்த நிலத்துல கால்வாசிக்குச் சொந்தக்காரங்க ஆயிட்டாங்க. இத வச்சு "நம்மாளுங்க செஞ்சது நியாயமா?"ன்னு ஒருத்தர் கொளுத்திப் போட்டா போதும், ராத்திரி 11 மணி வரைக்கும் குரூப் தூங்காது.

கேள்விய குரூப்ல மேலேயே நிக்கிற மாதிரி 'பின்' (pin) பண்ணிடுங்க, எத்தன நாளைக்குன்னு வாட்ஸ்அப் கேக்கும், 7 நாள் போதும்.

ஆனா இதவிட பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. நான் கரஸ்ல படிச்சப்ப நல்லா எழுதுற ஒருத்தர் மொதல்ல நீளமா போட்டுடுவாரு, பின்னாடியே எல்லாரும் "அருமை சார்", கட்டைவிரல், முடிஞ்சுது கதை. (அந்தக் கட்டைவிரல்ல என்னுதும் உண்டு.) மூடில்னு பாடம் நடத்துற மென்பொருள்ல இதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு, நம்ம பதிலப் போட்டாத்தான் அடுத்தவங்க பதில் கண்ணுல தெரியும். வாட்ஸ்அப்ல அது இல்ல, அதனால புதன்கிழமைக்குள்ள எல்லாரும் உங்க நம்பருக்குத் தனியா நாலு வரி அனுப்பட்டும், வியாழக்கிழமை மொத்தமா குரூப்ல எடுத்துப் போடுங்க, அப்பத்தான் ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோட முட்டும், பேச்சும் வரும். இந்த வேலைய ஆளுக்கு ஒரு வாரம்னு மாத்தி விடுங்க, இல்லேன்னா நீங்க படிச்ச மாதிரிதான்.

வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிடுங்க, ஏழு நிமிஷம் பேசுவாங்க, அதுல மூணு நிமிஷம் மிக்ஸி ஓடும். டவரப் பத்தி கவலப்படாதீங்க, உள்ள உக்காந்து டைப் பண்ணி அனுப்பிட்டா முகப்புக்கு வரும்போது அதுவா போயிடும்.

குட்மார்னிங்குக்குத் தனியா ஒரு குரூப் ஆரம்பிச்சு விட்டுடுங்க, அதுக்கும் உங்களையே அட்மினா இருக்கச் சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க ஆச்சி.