வார்டில் இருப்பவருக்குத் தோல் பயாப்ஸி எதற்கு?

கேள்வி: நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த என் அப்பாவுக்கு (68) ஒரு வாரம் கழித்து இரண்டு கால்களிலும் செந்நீலப் புள்ளிகள் வந்திருக்கின்றன. தோல் டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார். புற்றுநோய் என்று சந்தேகப்படுகிறார்களா? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். புண் ஆறுமா?

பதில்: பயாப்ஸி, அதாவது சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது என்றதும் பலருக்கும் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் திடீரென்று இரண்டு கால்களிலும் வரும் இத்தகைய புள்ளிகளில் டாக்டர்கள் முதலில் நினைப்பது வேறு: தோலின் சிறு ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி, அதாவது வாஸ்குலைடிஸ். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் புள்ளி மறையவில்லை, தடவினால் லேசாக மேடு தட்டுகிறது என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது.

இதற்குக் காரணம் நிமோனியாவுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்காக இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். மருந்து காரணமென்றால் அதை நிறுத்த வேண்டும், சில சமயம் ஸ்டீராய்டும் தேவைப்படும். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அதனால்தான் ஊகத்தை நம்பாமல் தோலையே பார்க்கிறார்கள்.

பயாப்ஸியில் எப்போது, எங்கே எடுக்கிறார்கள் என்பது முக்கியம். தோன்றி 24 முதல் 48 மணி நேரமான புள்ளிதான் நல்லது. பழைய புள்ளியில் தடயம் அழிந்துபோயிருக்கும். 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்று நீங்களே தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு துண்டுகள் எடுப்பார்கள். ஒன்று, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் உள்ள புட்டிக்குப் போகும். இன்னொன்று, தோலில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் பரிசோதனைக்கு. அதை ஃபார்மலினில் போட்டால் வீண், அதற்கான திரவம் தனி. முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் வந்த புதுப் புள்ளியில் இதை எடுப்பார்கள். ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் படிந்திருக்கிறதா என்று இதில்தான் தெரியும். படிந்திருந்தால் சிறுநீரகத்தைக் கூடுதலாகக் கண்காணிப்பார்கள்.

செய்முறை சின்னதுதான். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். அப்புறம் 4 மில்லிமீட்டர் அளவுள்ள வட்டக் கருவியால் துண்டை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். படுக்கையிலேயே முடிந்துவிடும். க்ளோபிடோக்ரெலை இதற்காகப் பொதுவாக நிறுத்துவதில்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால், சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும் ரத்தம் பெரிய விஷயமே இல்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! சர்க்கரை உள்ளவருக்கு முழங்காலுக்குக் கீழே புண் ஆறத் தாமதமாகும் என்பது உண்மை. தொடையிலோ வயிற்றிலோ புதுப் புள்ளி இருந்தால் அங்கே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். காலில்தான் என்றால் தையல் பிரிக்க இரண்டு வாரம் வரை ஆகும்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். வாஸ்குலைடிஸ் என்று பயாப்ஸி உறுதிசெய்யலாம், எந்த மருந்தால் வந்தது என்று அது பெயர் சொல்லாது. அதற்கு மருந்துச் சீட்டுதான் சாட்சி: எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, புள்ளி எப்போது வந்தது. மருந்தால் வருவது பெரும்பாலும் தொடங்கி 7 முதல் 10 நாளில் தலைகாட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். சிறுநீரில் ரத்தம், புரதம் உண்டா, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு என்றும் கேளுங்கள். பயாப்ஸி முடிவுக்கு இவை காத்திருக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் வரச் சில நாட்கள் ஆகும், அதற்குள் அப்பா டிஸ்சார்ஜ் ஆகியிருக்கலாம். அதை யாரிடம், எப்போது வாங்குவது என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.