இரவில் தூங்கியும் பகலெல்லாம் சோர்வாகவே இருக்கிறது. எந்தப் பழக்கத்தை மாற்றினால் தீரும்?

நோய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஏழெட்டு மணி நேரம் படுக்கையில்தான் கிடக்கிறேன், ஆனாலும் எழும்போதே அலுப்பாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் நான் நான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்குப் படித்த வரியையே மூன்றாம் முறை படித்துக்கொண்டிருப்பேன். மாலையில் வீடு திரும்பி, ஒரு காலில் காலணியைக் கழற்றிவிட்டு மறு காலில் கழற்றாமலேயே நாற்காலியில் சாய்ந்துகிடந்த நாட்கள் உண்டு.

சோர்வு சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், பழக்கங்களில் கைவைப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகிய எல்லாமே வெளியே வெறும் அலுப்பாகத்தான் தெரியும். பலமாகக் குறட்டை விடுபவராக இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் கேளுங்கள். அப்படித் தடைபடுபவர் பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியவர் ஆகமாட்டார். என் பரிசோதனை முடிவுகள் யாவும் சரியாக இருந்தன. குற்றம் என் பழக்கத்தில்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது.

நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம், ஒரு சிறிய நோட்டை எடுத்து இரண்டு வாரம் கணக்கு எழுதியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என் தெம்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு, பக்கத்தில் படுத்த நேரம், எழுந்த நேரம், காபி குடித்த நேரம், நடந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். அலுவலகத்தில் வேலை அதிகமான நாட்களில்தான் மதிப்பெண் குறையும் என்று நினைத்திருந்தேன். இரண்டு வாரத்திலும் மிகக் குறைவான மதிப்பெண் திங்கட்கிழமைக்குத்தான் விழுந்திருந்தது, அதுவும் ஞாயிறு முழுவதும் ஓய்வெடுத்த பிறகு.

காரணம் அந்த ஓய்விலேயே இருந்தது. மற்ற நாட்களில் ஆறு மணிக்கு எழும் நான் ஞாயிறன்று ஒன்பதரைக்கு எழுந்தேன். அதனால் அன்றிரவு ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு மணியடித்தபோது உடம்புக்கு அது நள்ளிரவுதான். உடலின் உட்கடிகாரம் வாரவிடுமுறையை அறியாது. மூன்றரை மணி நேரம் தள்ளி எழுவது, அத்தனை நேர வித்தியாசமுள்ள ஊருக்கு விமானத்தில் போய்விட்டுத் திரும்பி வருவதற்குச் சமம், அதை நான் வாரந்தோறும் செய்துகொண்டிருந்தேன். இந்தக் கடிகாரம் மூலக்கூறு அளவில் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே 2017-இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆகவே நான் முதலில் நிலைப்படுத்தியது எழும் நேரத்தைத்தான். படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. கண்ணை மூடிக்கொண்டால் தூக்கம் வந்துவிடுமா என்ன? விடுமுறை உட்பட எல்லா நாளும் ஆறு மணி, மிஞ்சிப்போனால் ஆறரை என்று வைத்துக்கொண்டேன். எழுந்ததும் வெளியே போய் வெளிச்சத்தில் கால்மணி நேரம் நிற்பேன், அல்லது நடப்பேன். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், அறைக்குள் விளக்கு தரும் ஒளி சில நூறு லக்ஸ் மட்டுமே. மேகம் கவிந்த நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், உட்கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதல் பத்து நாட்கள் படுமோசமாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்குத் தூக்கம் தானாகக் கண்ணைச் சுழற்றத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அடுத்தது காபி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது, அது சேரச் சேரத் தூக்கம் அழுத்துகிறது. காபியில் உள்ள காஃபீன் அந்த அடினோசின் வந்து அமரவேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறதே ஒழிய, சோர்வைப் போக்குவதில்லை. காஃபீன் விலகியதும் மறைந்திருந்த அலுப்பு மொத்தமாக வந்து இறங்குகிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் என்னோடு படுக்கைக்கு வந்துகொண்டிருந்தது. நான்கு காபியை இரண்டாகக் குறைத்து, இரண்டாவதை நண்பகலுக்குள் முடித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் தலைவலி வந்தது, நான்காம் நாள் போய்விட்டது. உணவோடு சேர்த்துக் காபியோ தேநீரோ குடிப்பவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது, ஏனெனில் இவை உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன.

பிற்பகல் மந்தத்துக்கு உணவை மட்டும் குறைசொல்ல வேண்டாம். சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் உடல் சற்றுத் தணியத்தான் செய்யும். அப்போது பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் எனக்குத் தெளிந்துவிடுகிறது. குட்டித் தூக்கம் போடுவதாக இருந்தால் இருபது நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள், நீண்டுபோனால் எழுந்த பிறகுதான் அதிகக் கிறக்கமாக இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு முறை பணம் கட்டி இரண்டு முறையும் ஒரு மாதத்தில் நின்றவன் நான். தினசரி நடையிலேயே, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது கைபேசி. பகல் முழுவதும் பிறர் வேலைக்காக ஓடிவிட்டு, இரவு பதினொன்றுக்கு மேல் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கே எனக்கானது என்று நினைத்திருந்ததால், அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மன உறுதியால் இதை வெல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஒழிக்காமல், முன்னால் இழுத்து எட்டரை மணிக்கு வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவுவதும் இல்லை, அலுவலக அழைப்பை எடுப்பதும் இல்லை. ஒன்பதரைக்குக் கைபேசி வேறு அறைக்குப் போய்விடும், எழுப்புவதற்கு ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் இருக்கிறது.

இப்போதும் மாதத்தில் ஓரிரு நாள் நோட்டில் இரண்டு என்று போடும்படி ஆகிவிடுகிறது. அன்று முந்தைய பக்கத்தைப் புரட்டினால், பெரும்பாலும் காரணம் என் கையெழுத்திலேயே அங்கே இருக்கும்.