அடியில் துருப்பிடித்த பழைய பனிக்காலக் காரைச் சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா?

நல்ல காரை, பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பனிக்காலத்துக்கென்றே ஒரு பழைய கார் வைத்திருக்கிறீர்கள். இஞ்சின், கியர் எல்லாம் நன்றாக ஓடுகின்றன, அடிப்பக்கம்தான் துரு. மெக்கானிக் சொன்ன தொகையோ காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். இதுதானே பிரச்சினை? இதே இடத்தில் நான் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். முதல் தடவை எடுத்த முடிவு தப்பு. இரண்டாம் தடவை எடுத்தது சரி என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். பனிக்காலக் காரை யாரும் விற்பதற்காக வைத்திருப்பதில்லை, அதனால் விற்றால் என்ன வரும் என்ற கேள்விக்கே இங்கே வேலை இல்லை. இந்தச் செலவைச் செய்தால் இன்னும் எத்தனை பனிக்காலம் ஓடும்? அதே பணத்துக்கு வேறொரு பழைய காரை வாங்கினால் அது எத்தனை ஓடும்? இந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாங்கப்போகும் காரும் அதே உப்பில் ஓடியதாகத்தான் இருக்கும். உங்கள் காரின் குறைகளாவது உங்களுக்குத் தெரியும், அதன் குறைகளை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் துரு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான். எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, பின் கதவு, இவையெல்லாம் சல்லடையாகிப் போனாலும் கார் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வண்டியின் பாரத்தைத் தாங்கும் இடங்களுக்கு. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது, தகடுகளை மடித்து வெல்டிங் செய்த உடம்புதான் சேசிஸ். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஸ்பிரிங் உட்காரும் இடம், சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேம், சீட் பெல்ட்டின் அடி பிடித்திருக்கும் தரைத்தகடு, இவற்றில் ஏதாவது உளுத்துப்போயிருந்தால் கார் ஓடும், ஆனால் மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றாது. இஞ்சின் நன்றாக இருப்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். பனிக்காலக் கார்கள் பலவும் இஞ்சின் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேருகின்றன.

எப்படிப் பார்ப்பது? ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கூடவே நீங்களும் போய் நில்லுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். செதில் மட்டும் உதிர்ந்தால் மேல்துரு. முனை உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, தகட்டின் நினைவுதான் இருக்கிறது. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் அங்கே கூடுதலாக ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஓட்டையைப் பட்டிப் பசையும் கண்ணாடி நார்த் துணியும் வைத்து மூடி, மேலே கறுப்படித்து விற்ற காரைத்தான் நான் முதலில் வாங்கியிருந்தேன்.

அந்தக் காரின் கதை இதுதான். ஒருநாள் காலை வீட்டு வாசலில் இருந்து பின்னால் எடுக்கும்போது பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. இரும்பு பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனி வழியாகப் போவதால் ஒன்று போனாலும் பாதி பிரேக் மிஞ்சும், அதனால் நின்றது. உடைந்த பைப்பை மட்டும் மாற்றினேன். இரண்டு மாதத்தில் பக்கத்துப் பைப் போனது. அதை மாற்றினேன். அப்புறம் பெட்ரோல் ஊற்றும் குழாய். இதுவரை இவ்வளவு போட்டுவிட்டோமே, இப்போது விட்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சமாதானம். கடைசியில் பின்பக்க சப்ஃப்ரேமைப் பிடித்திருந்த இடமே கையோடு வந்துவிட்டது. போட்ட பணம் போட்டதுதான், அதை அடுத்த கணக்கில் சேர்க்கவே கூடாது. இது அன்றும் எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்தேன்.

அந்தக் கார் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. துருப்பிடித்த காரில் உதிரிபாகத்தின் விலை பெரிதில்லை, கழற்றுவதுதான் பெரிது. இறுகிப்போன போல்ட்டைச் சூடாக்கி, அதுவும் நடக்காமல் வெட்டி, உள்ளே முறிந்த துண்டைத் துளைத்து எடுப்பதற்குள் அரை மணி நேர வேலை அரை நாளாகிவிடும். அதனால் மெக்கானிக்கிடம் தொகையைக் கேட்பதோடு நிற்காமல், போல்ட் முறிந்தால் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். பிரேக் பைப் மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாமே ஒரே வயது, ஒரே உப்பு. செம்பு நிக்கல் கலவைப் பைப்பாகப் போட்டால் வளைப்பதும் எளிது, துருவும் பிடிக்காது.

இரண்டாவது காரில் கதவுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் ஓட்டை. சுத்தியலால் முழுக்கத் தட்டிப் பார்த்தோம், மற்ற இடமெல்லாம் கணீர். உளுத்ததை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்யச் சொன்னேன். துருவின் மேலேயே தகட்டை ஒட்டினால் அது உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும், வெல்டிங்கும் பிடிக்காது. அந்தச் செலவும் காரின் விலையைத் தாண்டியதுதான். நான்கு பனிக்காலம் ஓடியது.

சரிசெய்வது என்று முடிவெடுத்தால் அதற்குப் பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. துருப்பிடிப்பதே ஒரு மின்வேதி வேலை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகமாக ஓடுவது அதனால்தான். சாலையில் தெளிக்கும் இன்னொரு உப்பான கால்சியம் குளோரைடோ காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழை இல்லாத நாளிலும் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு செதிலாக உதிரும், உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே தெரியும். இதைத் தடுக்க, ரப்பர் மாதிரிக் கெட்டியாக உறையும் பூச்சைவிட எண்ணெய்ப் பூச்சே பழைய காருக்கு நல்லது. கெட்டிப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. எண்ணெயை வருடா வருடம் அடிக்க வேண்டும், சொட்டும், நாறும், பரவாயில்லை. கதவின் அடியிலும் அதற்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியிலும் தண்ணீர் வடிவதற்கென்று விட்ட சின்னத் துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தமாக வையுங்கள். அப்புறம், சூடான கராஜில் ராத்திரிதோறும் பனியோடு கொண்டுபோய் நிறுத்துவது காருக்குச் செய்யும் உபகாரம் என்று நினைக்காதீர்கள். உறைந்து கிடந்த உப்புப் பனி உருகி, வெதுவெதுப்பில் நிம்மதியாக வேலை பார்க்கும். வெளியே குளிரில் கிடப்பதே மேல்.

ஆக, உங்கள் காரில் துரு ஓரிரண்டு இடத்தில் மட்டும் என்றால், வெட்டி ஒட்ட நல்ல தகடு சுற்றிலும் இருந்தால், நான் செலவு செய்வேன். ஸ்பிரிங் இடமும் சப்ஃப்ரேமும் சேர்ந்து போயிருந்தால், மெக்கானிக் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் செய்ய மாட்டேன்.

என் இரண்டாவது காரை இந்த வருடம் பனி தொடங்கும் முன்பு வழக்கம்போல லிஃப்டில் ஏற்றினோம். பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பாதி இறங்கியது. மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் கேட்கவில்லை. வேறு கார் தேடிக்கொண்டிருக்கிறேன்.