பாதத்தில் நாடி துடிக்கிறது, விரல் மட்டும் ஏன் நீலமாகிறது?

அப்பாவுக்கு 68 வயது. ஆஞ்சியோகிராம் செய்து மூன்று வாரம் ஆகிறது. இடது காலில் இரண்டு விரல்கள் நீலமாகி வலிக்கின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு 1.2-லிருந்து 2.9 ஆகிவிட்டது. பாதத்தில் நாடித்துடிப்பு இருப்பதால் பயமில்லை என்கிறார்களே?
– வாசகி, திருமங்கலம்

துடிப்பு இருந்தும் விரல் நீலமாவதால்தான் எனக்குக் கவலை. பெரிய ரத்தக்குழாய் திறந்திருக்கிறது. அடைப்பு அதற்கும் கீழே, நுண்தமனிகளில் இருக்கலாம். பெருந்தமனியின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டில் ஆஞ்சியோகிராம் குழாய் உரசினால், கொலஸ்டிரால் படிகங்கள் உதிர்ந்து ரத்தத்தோடு போகும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போவதால் அங்கேயும் சிக்கும். சிக்கிய படிகத்தைச் சுற்றி அழற்சி உண்டாகி, குழாய்ச்சுவர் தடித்து, வழி மெல்ல மூடிக்கொள்ளும். ஆகவே கிரியேட்டினின் வாரக்கணக்கில் படிப்படியாக ஏறும். ஆஞ்சியோகிராமின்போது செலுத்தும் சாய மருந்தால் வரும் பாதிப்பு அப்படியல்ல. இரண்டு மூன்று நாளில் ஏறி, பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறங்கிவிடும்.

நாளைக்கே சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஞ்சியோகிராமுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கையில் இருக்கட்டும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, கண் விழித்திரையில் படிகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தொடையிலும் பாதத்திலும் வலைபோல ஊதா நிறம் படர்ந்திருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். நம் மாநிறத் தோலில் டியூப் லைட்டில் அது தெரியாமல் போகும். பகல் வெளிச்சத்தில், அவரை நிற்கவைத்துப் பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையால் படிகம் உதிருமாமே, நிறுத்திவிடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலை விட்டால் ஸ்டென்ட் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வார்ஃபரின், ஹெபாரின் சங்கதி வேறு. படிகம் உதிர்ந்திருப்பது உறுதியானால் அவற்றைத் தொடர்வதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

படிகத்தைக் கரைக்க மருந்து உண்டா?
– வாசகர், மேலூர்

இல்லை. ஸ்டாட்டின் மாத்திரை மிச்சமிருக்கும் திட்டுகள் மேலும் உடையாமல் காக்க உதவும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். டயாலிசிஸ் வரை போனவர்களிலும் சிலர் மாதங்கள் கழித்து அதிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள்.

ஆஞ்சியோகிராமைத் தொடைக்குப் பதில் மணிக்கட்டு வழியாகச் செய்தால் இது வராதா?
– வாசகி, ஒத்தக்கடை

வாய்ப்பு குறையும். குழாய் வயிற்றுப் பெருந்தமனியைத் தொடாமல் போகிறது. ஆனால் மாரடைப்பு என்று சொல்லிவிட்டால், எந்த வழி என்று யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.