15 நாளுக்கு எந்த ஆஸ்பத்திரி?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன்; மூன்றாம் கட்டத்தின் முதல் பகுதித் தேர்வுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அது முடிந்ததும் எலெக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுத்த துறையில் போய்க் கற்கும் நாட்கள். எனக்கு அனஸ்தீசியா மேல் ஆசை. 'மயக்க ஊசி போடும் டாக்டரின் பேர் யாருக்குத் தெரியும்?' என்கிறார் ஆத்தா. வெளி ஆஸ்பத்திரியில் போஸ்டிங் வாங்குவது எப்படி? சென்னையில் பேர்போன ஓர் இடத்துக்குச் சிபாரிசு வாங்கித் தருவதாக அம்மான் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அங்கே வரச் சொல்கிறான். சீனியர்கள் இருபது டாக்டர்களுக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடச் சொல்கிறார்கள். அப்பத்தாவோ, 'வயசுப் பிள்ளை ஊர் ஊராகப் போவாளாக்கும்' என்கிறார்.
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: அப்பத்தாவின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரு காலத்தில் மீசை முளைக்காத பையன்களை வட்டிக்கடை வேலைக்குக் கப்பலேற்றி ரங்கூனுக்கு அனுப்பினார்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். நீ போகப்போவது 15 நாள். இதை நீ சொல்லாதே, அப்பச்சியை விட்டுச் சொல்லச் சொல்.

அடுத்து அண்ணன். உன் குழப்பத்தில் பாதி, அமெரிக்கக் கதையையும் நம் கதையையும் ஒன்றாகப் போட்டதால் வந்தது. அங்கே கடைசி வருட மாணவர்கள் தாங்கள் சேர விரும்பும் துறையைத் தேடி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய், பெரும்பாலும் நான்கு வாரம் வேலை பார்க்கிறார்கள். அந்தத் துறை டாக்டர்கள் எழுதித்தரும் கடிதம், பிறகு ரெசிடென்சி (அங்கத்து மேற்படிப்பு) இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது எடைபோடப்படும். அதாவது அது ஒரு மாத நேர்முகத் தேர்வு மாதிரி. இங்கே பி.ஜி., அதாவது மேற்படிப்பு சீட்டைப் பெரும்பாலும் கொடுப்பது நீட் பி.ஜி. ரேங்க். எந்தப் பேராசிரியருக்கு உன்னை எவ்வளவு பிடித்துப்போனாலும் சீட் வராது. அப்படியானால் இங்கே எலெக்டிவ் எதற்கு? இந்த வேலைக்காக முப்பது வருடம் காலையில் எழுந்து போக உன்னால் முடியுமா என்று நீயே பார்த்துக்கொள்ள. இதை மனதில் வைத்தால் எந்த ஆஸ்பத்திரி என்பது தானாகத் தெளியும்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, பேருக்கு ஆசைப்பட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் நின்றேன். எனக்கு முன்னால் பி.ஜி.க்கள், அவர்களுக்கு முன்னால் சீனியர்கள். பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். யாருடைய பச்சைச் சட்டை எங்கே கிழிந்திருக்கிறது என்பது வரை தெரியும், ஆனால் ஒரு நோயாளியின் முகம் ஞாபகமில்லை. பிறகு தற்செயலாக ஒரு சின்ன ஊரில் இரண்டு வாரம். ஒரே அனஸ்தெடிஸ்ட், இரண்டே தியேட்டர். முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குப் போய் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார், ஆடுகிற பல் இருக்கிறதா பார், கழுத்து நன்றாக மடங்குகிறதா பார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேள் என்றார். சோறு நிறுத்தி ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்வதே தனி வித்தை. 'காபிதானே குடிச்சேன்' என்பார்கள், பால் காபி! பால் சேர்ந்தால் அது சோற்றுக் கணக்கு. காலையில் நோயாளி வரும் முன்பே மெஷின் சரியாக ஓடுகிறதா, வாயில் சேரும் எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, மாற்று ஆக்சிஜன் சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு, கண் விழிக்கும் ஆளின் பக்கத்தில் நிற்க வேண்டும். அனஸ்தீசியா என்பது பாதி இதுதான். உன் ஆத்தா சொல்வதும் நிஜம், விழித்தவர் நன்றி சொல்வது சர்ஜனுக்குத்தான். அது உறுத்துமா உறுத்தாதா என்பதையும் அந்த 15 நாளிலேயே பார்த்துக்கொள்.

ஆகவே அம்மானிடம், சிபாரிசு வேண்டாம், விவரம் மட்டும் போதும் என்று சொல். துறைத்தலைவர் யார், வெளி மாணவர்களை எடுப்பார்களா, ஒரு தியேட்டரில் எத்தனை பி.ஜி. நிற்பார்கள், இவ்வளவுதான். சிபாரிசில் போனால் நீ விருந்தாளி. காபி கொடுப்பார்கள், வேலை கொடுக்க மாட்டார்கள். ரங்கூனுக்குப் போன பெட்டியடிப் பையன், அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகிய பையன், பெருக்குவதும் எடுபிடி வேலையுமாக நாள் முழுக்க மேலாளின் கண் முன்னால் இருந்தான், அதனால்தான் கணக்குப் பிடிபட்டது. உனக்கும் அப்படி ஒருவர் கீழே, ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி வேண்டும். மதுரையோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, பழைய மிஷன் ஆஸ்பத்திரியோ எதுவானாலும் சரி.

இருபது பேருக்கு ஒரே மெயில் வேண்டவே வேண்டாம். மூன்று இடம் தேர்ந்தெடு. துறைத்தலைவருக்கு ஒரு பக்கத்துக்குள் எழுது: யார், எந்தக் கல்லூரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பார்க்க ஆசை. 'எதுவானாலும் பரவாயில்லை' என்று எழுதாதே. 'ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனையும் ரெகவரி அறையும் பார்க்க வேண்டும்' என்று எழுதினால், இந்தப் பெண் யோசித்திருக்கிறாள் என்று தெரியும். வேலூர் சி.எம்.சி. மாதிரிப் பெரிய நிறுவனங்களில் தனி விண்ணப்ப முறை இருக்கும், அதன்படி போ. மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்கு.

இதற்கெல்லாம் முன்னால் உன் கல்லூரி. 2019இல் வந்த பாடத்திட்டத்தில் எலெக்டிவ் இரண்டு மாதம். பிறகு ஒரு மாதமாகி, 15 நாள் வீதம் இரண்டு பகுதியாயிற்று. நோயாளிகளைப் பார்க்கும் துறை இரண்டாவது பகுதியில்தான். உன் பேட்சுக்கு எது பொருந்தும், வெளியே போக விடுவார்களா என்று டீன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையை நம்பிப் போய்விட்டு வந்தால் வருகைப்பதிவில் இடிக்கும். 75 சதவீத வருகையும், செய்த வேலையைப் பதிந்து கையெழுத்து வாங்கும் லாக் புக்கும் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. அப்புறம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ் முடியவே ஆறு மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்க்க வேண்டும். போடவில்லை என்றால் இந்த வாரமே முதல் ஊசி.

அண்ணனிடம், இப்போது இல்லை என்று சொல். 15 நாளுக்கு விசா, காப்பீடு, விமான டிக்கெட் என்று செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே பி.ஜி. படிப்பது என்று முடிவானால் மட்டும், மாணவியாக இருக்கும்போதே நான்கு வாரம் போகப் பார். பட்டம் வாங்கிய பிறகு பெரும்பாலான இடங்களில் தொட விட மாட்டார்கள், வேடிக்கைதான்.

கடைசியாக ஒன்று. லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றே வாங்கு. பதினைந்தாம் நாள் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் போயிருப்பார்.